முத்துப்பட்டன் கதை: பொருநைக் கரையின் அவல நாடகம்

திருநெல்வேலிச் சீமையில் வில்லுப்பாட்டாகப் பாடப்பட்டு வரும் கதைகளுள் முத்துப்பட்டன் கதை தனித்து நிற்பது. அந்தணர் குலத்தில் பிறந்த முத்துப்பட்டன், சக்கிலியர் என்று அழைக்கப்பட்ட அருந்ததியர் குலத்துப் பெண்களான பொம்மக்கா, திம்மக்கா என்னும் அக்காள் தங்கையரைக் காதலிக்கிறான். அவர்களுக்காகப் பூணூலையும் குடுமியையும் களைகிறான், அவர்கள் தகப்பன் வாலப்பகடையின் தொழிலை ஏற்கிறான், இருவரையும் மணக்கிறான். மணவாழ்க்கை வேர்விடும் முன்பே மாடு பிடிக்க வந்த கொள்ளையரோடு பொருது மாள்கிறான். மனைவியர் இருவரும் தீப்பாய்கிறார்கள். பாபநாசத்துக்கு மேலே மலைக்குள், காரையாற்றில், பொருநை என்னும் தாமிரபரணிக் கரையிலுள்ள சொரிமுத்து அய்யனார் கோயிலில் மூவருக்கும் இன்று வழிபாடு நடக்கிறது. அங்கே முத்துப்பட்டனுக்குப் பெயர் பட்டவராயன்.

நாட்டார் வழக்காற்றியலில் இந்தக் கதையை அச்சில் நிலைபெறச் செய்தவர் நாங்குநேரியில் பிறந்த பேராசிரியர் நா. வானமாமலை. ‘நெல்லை ஆய்வுக் குழு’வையும் ‘ஆராய்ச்சி’ இதழையும் நடத்திய அவர் பதிப்பித்த முத்துப்பட்டன் கதை 1971இல் மதுரைப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. கட்டபொம்மன் கதைப்பாடல், கான்சாகிபு சண்டை முதலியவற்றையும் அவர் பதிப்பித்தார். அவற்றில் பாளையக்காரரும் தளபதிகளும் நாயகர்கள். முத்துப்பட்டனுக்கோ அரசும் இல்லை, படையும் இல்லை. ஒரு வீட்டு வாசலைத் தாண்டியதுதான் அவன் செய்த பெரிய செயல். ஆயினும் அந்தக் கதைகள் எதற்கும் குறையாத நாடகத் திண்மை இதற்கு உண்டு.

ஏட்டிலும் அச்சிலும் இது கதைப்பாடல். ஊரில் இது நிகழ்த்தப்படும் கலை. அம்மன் கோயிலிலோ சுடலைமாடன் கோயிலிலோ கொடை விழா நடக்கும்போது சாமிக்கு எதிரே வில் போடுவார்கள். நீண்ட வில்லில் தோல் நாண் பூட்டி, மணிகள் தொங்கவிட்டு, அதை மண்குடத்தின் மேல் சாய்த்துக் கட்டுவார்கள். வில்லுக்கு நடுவே உட்காரும் புலவர், அல்லது அண்ணாவி, இரண்டு வீசுகோல்களால் நாணைத் தட்டிக் கதையை எடுத்துச் செல்வார். குடம் அடிப்பவர், உடுக்கை, தாளம், கட்டை ஆகியவற்றை வாசிப்பவர்கள் இருபுறமும் இருந்து பின்பாட்டுப் பாடுவார்கள், ‘ஆமா’ போடுவார்கள், கேள்வி கேட்பார்கள். பாட்டு வரும், விருத்தம் வரும், நடுவே வசனம் வரும். ஒரே புலவர் முத்துப்பட்டனாகப் பேசுவார். அடுத்த மூச்சில் வாலப்பகடையாக மாறுவார். அதற்கடுத்து இருவரையும் தள்ளி நின்று பார்க்கும் கதைசொல்லியாவார். வேடம் இல்லை, திரை இல்லை. ஆனாலும் பாத்திரங்கள் பேசுகின்றன, மோதுகின்றன, மனம் மாறுகின்றன. நாடகம் என்ற சொல்லுக்கு இந்தக் கதை உரியதாவது இந்த வகையில்தான்.

வில்லிசைக் கதைகளை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஸ்டுவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வெளியிட்ட நூலில் அவற்றை இரு கூறாகப் பார்த்தார். தெய்வமாகவே பிறந்தவர்களைப் பாடும் பிறப்புக் கதைகள் ஒரு கூறு. மனிதராகப் பிறந்து, கொல்லப்பட்டு, அதனால் தெய்வமானவர்களைப் பாடும் இறப்புக் கதைகள் மறுகூறு. இரண்டாம் வகையில் கதையின் முழு எடையும் கொலைக் காட்சியில் வந்து குவியும். பாட்டின் நடை அங்கே மாறும். சாமியாடும் கோமரத்தாடிக்கு அருள் வருவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான். கூடியிருப்பவர்களுக்கு முடிவு முன்கூட்டியே தெரியும். அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவலை நம்பி இந்த நாடகம் நடப்பதில்லை. தெரிந்த சாவை நோக்கிக் கதை ஒவ்வோர் அடியாக நகர்வதைக் கேட்டிருப்பதே அதன் அனுபவம். பண்டைக் கிரேக்க அரங்கில் ஈடிப்பஸின் கதையைத் தெரிந்துகொண்டே வந்து உட்கார்ந்தவர்களின் நிலையும் இதுவே.

கதையின் போக்கு பின்வருமாறு. முத்துப்பட்டன் அண்ணன்மார் பலருக்குக் கடைக்குட்டி. கல்வியிலும் கலைகளிலும் தேறியவன். அண்ணன்மாரோடு ஒத்துப்போகாமல் வீட்டை விட்டு வெளியேறி, மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து கொட்டாரக்கரைக்குப் போய் அங்கே அரசனிடம் வேலைக்கு அமர்கிறான். ஆண்டுகள் கழிந்தபின் அண்ணன்மார் தேடி வந்து ஊருக்கு அழைக்கிறார்கள், உடன் புறப்படுகிறான். திரும்பும் வழியில், மலைக்காட்டில், நீர்த்துறை ஒன்றில் அனுஷ்டானம் செய்யத் தனித்து நிற்கும் நேரத்தில் இரண்டு பெண்கள் பாடும் குரல் காதில் விழுகிறது. குரலைத் தொடர்ந்து போய்ப் பெண்களைப் பார்க்கிறான். அவர்கள் பயந்து ஓடுகிறார்கள். அவன் பின்தொடர்ந்து, எட்ட முடியாமல், மயங்கி விழுகிறான்.

பெண்கள் சொன்னதைக் கேட்டு வாலப்பகடை ஆயுதத்தோடு வருகிறான். வெட்ட வந்தவன், மயங்கிக் கிடப்பவனின் தோற்றத்தைக் கண்டு தயங்குகிறான். முத்துப்பட்டன் எழுந்து, எதிரே நிற்பவர் யாரென்று அறியாமலேயே, அந்தப் பெண்களைத் தனக்கு மணமுடித்துத் தரக் கேட்கிறான். வாலப்பகடை தன் குலத்தைச் சொல்கிறான். முத்துப்பட்டன் பின்வாங்கவில்லை. அப்படியானால் பூணூலையும் குடுமியையும் அறுத்துவிட்டு, தங்களைப் போலத் தோல் வேலை செய்து, செருப்புக் கட்டி வரவேண்டும் என்கிறான் வாலப்பகடை. முத்துப்பட்டன் சம்மதிக்கிறான். அண்ணன்மார் தடுக்கிறார்கள், கல்லறைக்குள் தள்ளி அடைக்கிறார்கள். அவன் தப்பி வந்து, கேட்டபடியெல்லாம் செய்து, பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணக்கிறான். பின்னர் தன் பொறுப்பிலிருந்த மாட்டுக் கிடையைக் கொள்ளையர் ஓட்டிச் சென்ற சேதி வருகிறது. தனியனாய்ப் போய்ப் பலரை வீழ்த்துகிறான். சண்டை முடிந்ததென்று எண்ணி இருக்கையில், மறைந்திருந்த ஒருவன் பின்னாலிருந்து குத்திக் கொல்கிறான். உடன் போன நாய் திரும்பி வந்து பெண்களை அழைத்துப் போகிறது. அவர்கள் உடலைக் கண்டு, சிங்கம்பட்டி ஜமீன்தாரிடம் சென்று உடன்கட்டை ஏற அனுமதி கேட்கிறார்கள். அவர் தடுத்துப் பார்த்து, முடியாமல், இசைகிறார். கதை சிதையில் முடிகிறது.

இந்த நிகழ்ச்சிகளைத் தாங்கும் பாத்திரங்களில் முத்துப்பட்டனை முதலில் எடுத்துக்கொள்ளலாம். காதல்தான் அவனைக் குலத்திலிருந்து பிரித்தது என்று மேலோட்டமாகத் தோன்றும். உண்மையில் காதலுக்கு வெகு முன்பே அவன் வீட்டை விட்டுப் போனவன். அண்ணன்மாரின் அதிகாரத்தை ஏற்க மறுத்தவன், பிழைப்பைத் தானே தேடிக்கொண்டவன் என்பதைக் கதை தொடக்கத்திலேயே நிறுவிவிடுகிறது. காட்டுத்துறையில் அவன் எடுக்கும் முடிவு திடீரென்று வந்தது போலத் தெரிந்தாலும் அதற்கான மனம் முன்பே உருவாகியிருந்தது. இரண்டாவது முறை வெளியேறும்போது வீட்டோடு குலத்தையும் விடுகிறான். அண்ணன்மாரோடு நடக்கும் வழக்கில் அவனை வளைக்க முடியாமல் போனதால்தான் அவர்கள் கல்லறையை நாடுகிறார்கள். சொந்தத் தம்பியை உயிரோடு அடைத்துவைக்கும் அந்தக் காட்சி சில வரிகளில் முடிந்துவிடுகிறது. ஆனால் மணத்துக்குச் சம்மதித்தபின் முத்துப்பட்டனைக் கொல்லும் முதல் முயற்சி அவன் இரத்த உறவிலிருந்தே வருகிறது என்பதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். கொள்ளையனின் கத்தி இரண்டாவது.

நாடகப் பாத்திரம் என்ற அளவில் முத்துப்பட்டனை விட வலுவானவன் வாலப்பகடை. முத்துப்பட்டன் தொடக்கத்திலிருந்து ஒரே திசையில் போகிறான். வாலப்பகடையோ ஒரே காட்சிக்குள் நான்கு மனிதராக மாறுகிறான். மகள்களைத் தொடர்ந்து வந்தவனை வெட்ட வரும் தகப்பன். விழுந்து கிடப்பவன் உயர்குலத்தான் என்று கண்டதும் அஞ்சும் குடிமகன். தன் குலத்தின் தாழ்வைத் தானே அடுக்கிச் சொல்லி அவனைத் தப்பவைக்கப் பார்க்கும் உலகம் தெரிந்தவன். கடைசியில் நிபந்தனை விதிக்கும் பெண்வீட்டுக்காரன். அந்தணன் பெண் கேட்டு நிற்க, அருந்ததியன் ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்கிறான். மரியாதை எந்தத் திசையில் போகும் என்பது முழுவதும் தலைகீழாகிறது. இதைச் செய்துவிட்டும் அவன் குரலில் வெற்றிக் களிப்பு எதுவும் இல்லை. பயம்தான் இருக்கிறது. உயர்ந்த குலத்தவன் ஆசையால் வந்து, ஆசை தீர்ந்து போனால் தன் மகள்களின் கதி என்ன என்று தெரிந்த தகப்பனின் பயம் அது. அவன் வைக்கும் நிபந்தனை ஒவ்வொன்றும் திரும்பிப் போகும் வழியை அடைப்பதற்கானது. அறுத்த பூணூலை மறுபடி போட்டுக்கொள்ளலாம். தோலைத் தொட்டுச் செருப்புத் தைத்தவனை அக்ரஹாரம் ஒருபோதும் சேர்த்துக்கொள்ளாது. வாலப்பகடை அதை நன்றாக அறிந்தே கேட்கிறான்.

பொம்மக்கா, திம்மக்கா இருவரும் கதையின் பெரும்பகுதியில் ஒருவராகவே இருக்கிறார்கள். சேர்ந்து பாடுகிறார்கள், சேர்ந்து ஓடுகிறார்கள், ஒருவனையே சேர்ந்து மணக்கிறார்கள். அக்காளுக்கும் தங்கைக்கும் தனிக் குணம் வகுத்துத் தரக் கதை மெனக்கெடவில்லை. மணத்துக்கு அவர்கள் சம்மதம் கேட்கப்படும் கட்டம் வாலப்பகடையின் காட்சி அளவுக்கு வளரவும் இல்லை. இது இந்தக் கதையின் பெரிய குறை என்றே சொல்ல வேண்டும். அவர்களுக்கு முழுக்குரல் கிடைப்பது கணவன் இறந்தபின், சிங்கம்பட்டி ஜமீன்தார் முன்னால். அங்கே அவர்கள் வாதாடுகிறார்கள். தடுப்பவரை மறுத்துப் பேசுகிறார்கள். தாங்கள் நினைத்ததைச் சாதிக்கிறார்கள். ஆனால் அந்த உரிமைக் குரல் கேட்பது சாவை. உடன்கட்டை வங்காளத்தில் 1829இலும் சென்னை மாகாணத்தில் 1830இலும் சட்டப்படி தடை செய்யப்பட்டது. கதை காட்டும் உலகம் அதற்கு முந்தைய ஜமீன் உலகம். அந்த உலகில் உடன்கட்டை மேல்குலத்துப் பெண்ணின் கற்புக்குச் சான்றாகப் போற்றப்பட்டது. அருந்ததியப் பெண்கள் இருவர் அதைக் கேட்டு நிற்பது, தங்கள் மணம் எந்த மணத்துக்கும் குறைந்ததில்லை என்று நிறுவுவதாகவும் ஆகிறது. இந்தப் பொருளை ஒப்புக்கொள்ளலாம். இரண்டு பெண்கள் எரிந்துபோவதை அதன் பொருட்டு அழகுபடுத்த வேண்டியதில்லை.

கதையின் மொழி ஏட்டு மொழியும் இல்லை, வெறும் பேச்சும் இல்லை. நெல்லைப் பேச்சு வழக்கின் மேல் பாட்டின் இலக்கணம் ஏறிய மொழி அது. அதன் வலிமைக்கு நல்ல சான்று வாலப்பகடை தன் குலத்தைச் சொல்லும் பகுதி. அங்கே அவன் முத்துப்பட்டனை ‘நயினாரே’ என்று விளிக்கிறான். தாழ்த்தப்பட்டவர் மேலோரை விளிக்கும் மரியாதைச் சொல் அது. ஒவ்வோர் அடியின் முடிவிலும் அந்த விளி திரும்பத் திரும்ப வருகிறது. தங்கள் குலம் நாய்க்குச் சமானம் என்கிறான். செத்த மாட்டை அறுப்பது தொழில் என்கிறான். ஒவ்வொன்றுக்கும் பிறகு ‘நயினாரே’. வில்லுக்காரர் பாட, பின்பாட்டுக்காரர்கள் அந்த விளியை வாங்கித் திருப்பிச் சொல்ல, அடங்கிய சொல்லாகத் தொடங்கியது கொஞ்சம் கொஞ்சமாகக் குற்றச்சாட்டின் தொனியைப் பெறுகிறது. இத்தனை இழிவையும் சுமத்தியது யார் என்ற கேள்வியை வாலப்பகடை கேட்கவே இல்லை. ‘நயினாரே’ என்று விளிக்கப்படுபவர் யாரோ அவரே விடையாக நிற்கிறார். எழுத்து நாடகத்தில் இதே பொருளைச் சொல்ல நீண்ட வசனம் வேண்டியிருக்கும். பாட்டில் ஒரே விளிச்சொல் அதைச் செய்துவிடுகிறது.

பொம்மக்கா, திம்மக்கா என்ற பெயர்களும் மொழிச் சான்றுகளே. தமிழகத்து அருந்ததியரில் பெரும்பாலோர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர்கள். ‘அக்கா’ என்று முடியும் பெயர்களும் ‘பகடை’ என்ற பட்டமும் அந்த மரபைச் சேர்ந்தவை. மலையாளச் சீமையில் வேலை பார்த்துத் திரும்பும் அந்தணன், தெலுங்குப் பெயர் தாங்கிய பெண்கள், இருவரையும் தமிழில் பாடும் நெல்லைப் புலவர் என்று மூன்று மொழிகள் இந்தக் கதையில் சந்திக்கின்றன. செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆளும் சரக்கும் மாடும் போய்வந்துகொண்டிருந்த நிலத்தில் இது இயல்பு. முத்துப்பட்டன் வேலை பார்த்ததாகச் சொல்லப்படும் கொட்டாரக்கரை, கதகளிக்கு முன்னோடியான இராமனாட்டம் பிறந்த ஊர் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

காதலை இந்தக் கதை நடத்தும் விதத்தைத் தமிழ் மரபோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் அதன் துணிவு முழுதாகத் தெரிகிறது. மலைச்சாரல், நீர்த்துறை, தனித்துவந்த பெண்கள், எதிர்பாராமல் காணும் ஆண்மகன் என்று எல்லாம் குறிஞ்சித் திணையின் களம்தான். சங்க அகப்பாட்டின் முதற்காட்சி அப்படியே இங்கே இருக்கிறது. ஆனால் அகமரபின் இரண்டு கட்டளைகளைக் கதை மீறுகிறது. காதலர் இன்னார் என்று பெயர் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பியத்தின் அகத்திணை விதி. இங்கே பெயர், குலம், தகப்பன் பெயர், ஊர், ஜமீன் எல்லாம் சுட்டப்படுகின்றன. இரண்டாவது மீறல் இன்னும் ஆழமானது. தலைவனுக்கும் தலைவிக்கும் இருக்கவேண்டிய ஒப்புமைகள் பத்தென்று மெய்ப்பாட்டியல் வகுக்கிறது. அந்தப் பத்தில் முதலில் நிற்பது பிறப்பு. அடுத்து நிற்பது குடிமை. முத்துப்பட்டன் கதை கையிலெடுப்பது அந்த முதலிரண்டையும்தான். உருவும் உணர்வும் அருளும் ஒத்திருக்கும்போது பிறப்பு ஒவ்வாவிட்டால் அது காதலாகுமா என்று இலக்கணத்தை நோக்கியே கேட்பது போல அமைந்துவிட்டது நாட்டார் பாட்டு. அதன் விடையும் தெளிவு. ஒவ்வாத பிறப்பை ஒப்பாக்க முடியும். ஆனால் மேலே நிற்பவன்தான் இறங்கி வரவேண்டும்.

இறங்கி வருதல் என்பது இந்தக் கதையில் உருவகமாக நிற்கவில்லை. கத்தியால் குடுமியை அறுப்பதும் பச்சைத் தோலைக் கையால் தொடுவதும் காலுக்குச் செருப்புத் தைப்பதும் உடம்பால் செய்யும் வேலைகள். தோல் வேலையைத் தொட்டால் தீட்டு என்று வளர்க்கப்பட்டவன் அதைச் செய்கிறான் என்பதைக் கொடையில் கேட்டிருக்கும் ஒவ்வொருவரும் தம் உடம்பால் உணரக்கூடியவர்கள். கதையைப் பாடும் வில்லின் நாணும் தோல்தான்.

காதலில் அகமாகத் தொடங்கிய கதை, சாவில் புறமாக முடிகிறது. பகைவர் ஆநிரையைக் கவர்வது வெட்சி. கவர்ந்த ஆநிரையை மீட்பது கரந்தை. நிரைமீட்டு மாண்ட வீரனுக்கு நடுகல் எடுப்பது தமிழகத்தின் மிகப் பழைய வழக்கங்களில் ஒன்று. முத்துப்பட்டன் இறக்கும் முறை முழுக்க முழுக்கக் கரந்தை வீரனின் முறை. நெல்லைச் சீமையில் மாட்டுக் களவு பிற்காலத்திலும் பெரும் அச்சமாக இருந்தது. ஊர்க் காவலுக்குத் தனி முறை இருந்தது. களவுபோன மாடு எங்கே நிற்கிறது என்று சொல்பவருக்குத் துப்புக்கூலி கொடுத்து மீட்கும் வழக்கம் இருந்தது. துப்புக்கூலி பேசி மாட்டைத் திருப்பிக்கொண்டு வருவது நடைமுறை அறிந்தவர் செய்வது. முத்துப்பட்டன் சண்டைக்குப் போகிறான். புதிதாகச் சேர்ந்த வீட்டின் பொறுப்பை எந்தக் குறையும் இல்லாமல் செய்துகாட்ட வேண்டும் என்ற வேகம் அதில் தெரிகிறது.

இந்தச் சாவு தற்செயலா, கதையின் தருக்கத்திலிருந்து விளைந்ததா என்பது திறனாய்வுக்கு உரிய கேள்வி. ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட் நாடகத்தில் பாதிரியார் அனுப்பிய கடிதம் போய்ச்சேராமல் நின்றதால் இரண்டு உயிர் போகிறது. அங்கே தற்செயல் பெரிய வேலை செய்கிறது என்று நீண்டகாலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. முத்துப்பட்டன் கதையிலும் கொள்ளையர் வந்தது தற்செயல்தான். அவர்களுக்கு அவன் குலம் மாறி மணந்ததைப் பற்றிக் கவலை இல்லை. ஆனால் கிடையைக் காக்கும் கடமை அவனுக்கு வந்தது அந்த மணத்தால். பழைய முத்துப்பட்டனாக இருந்திருந்தால் அந்த வேளையில் அவன் அந்தக் காட்டில் இருந்திருக்கவே மாட்டான். வாலப்பகடையின் மருமகனாக வாழத் தொடங்கியவன், வாலப்பகடையின் மருமகனாகவே சாகிறான். அரிஸ்டாட்டில் வழியில் நாயகனின் பிழையைத் தேடுபவர்களுக்கு இந்தக் கதை இடம் கொடுப்பதில்லை. காதலித்ததைப் பிழை என்று புலவர் எங்கும் சொல்லவில்லை. குலத்தை விட்டதற்குத் தண்டனையாகச் சாவு வந்தது என்றும் கதை நடத்தப்படவில்லை. அப்படி இருந்திருந்தால் அவனுக்குக் கோயில் கிடைத்திருக்காது.

தமிழ் இலக்கணம் அவலத்தைப் பார்க்கும் முறை இங்கே கூடுதலாக உதவுகிறது. அழுகை என்ற மெய்ப்பாடு நான்கு காரணங்களால் பிறக்கும் என்கிறது தொல்காப்பியம். பிறரால் இகழப்படும் இளிவு, உயிரோ பொருளோ போகும் இழவு, முன்னிருந்த நிலை கெடுகிற அசைவு, வறுமை ஆகியவை அவை. அந்தணன் ஒருவன் செருப்புத் தைப்பவனாக மாறுவது, சாதிச் சமூகத்தின் கண்ணில், அசைவுக்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டாக இருந்திருக்கும். நாடகம் அந்த இடத்தில்தான் அழ வைத்திருக்க வேண்டும். புலவர் அங்கே அழவில்லை, முத்துப்பட்டனும் அழவில்லை. அது மணவீடு. ஒப்பாரி தொடங்குவது அவன் உடல் கிடைத்தபின்தான். இளிவின் அழுகை வாலப்பகடையின் ‘நயினாரே’யில் இருக்கிறது, இழவின் அழுகை பெண்களின் புலம்பலில் இருக்கிறது, அசைவுக்கு மட்டும் கண்ணீர் இல்லை. எதற்கு அழ வேண்டும், எதற்கு அழக்கூடாது என்று தேர்ந்தெடுத்ததில்தான் இந்தக் கதையைப் பாடியவர்களின் அறம் வெளிப்படுகிறது.

இதே ஆற்றங்கரைச் சீமையைக் களமாகக் கொண்ட எழுத்து நாடகத்தோடு இதை ஒப்பிடுவது தவிர்க்க முடியாதது. பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட மனோன்மணீயம், லிட்டன் பிரபுவின் ‘இரகசிய வழி’ என்ற ஆங்கிலக் கதையைத் தழுவியது. பாண்டியன் ஜீவகன் மதுரையை விட்டுத் திருநெல்வேலியில் கோட்டை கட்டிக் குடியேறியிருக்கும் காலமாகக் களம் அமைந்தது. அந்த நாடகத்திலும் அவலத்துக்கு வேண்டிய எல்லாச் சரக்கும் இருக்கிறது. அமைச்சன் குடிலனின் வஞ்சகத்தை நம்பும் அரசன், தோற்ற போர், விரும்பாத மணத்துக்குக் குறிக்கப்பட்ட மகள் என்று ஐந்தாம் அங்கம் வரை இருள் கூடிக்கொண்டே போகிறது. கடைசிக் காட்சியில் சுரங்க வழியாகச் சேர அரசன் புருடோத்தமன் வந்து நிற்க, கனவிலேயே அவனைக் கண்டு காதலித்திருந்த மனோன்மணி அவனுக்கு மாலையிடுகிறாள். நாடகத்தைத் துன்பத்தில் முடிப்பதை வடமொழி அரங்கு பொதுவாக விலக்கியது. பாசனின் ஊருபங்கம் போன்றவை அரிய விலக்குகள். மனோன்மணீயம் ஷேக்ஸ்பியரைப் படித்த ஒருவரின் கைவண்ணம். ஆனால் முடிவில் பழைய மரபுக்கே திரும்பியது. அங்கே காதலர் இருவரும் அரச குலம், பிறப்பு ஒத்தது, பகையைத் தீர்த்தால் மணம் நடந்துவிடும். முத்துப்பட்டனுக்கு அப்படி ஒரு சுரங்க வழி கிடையாது. ஆங்கிலமோ வடமொழியோ படிக்காத வில்லுக்காரர்கள்தான் துன்ப முடிவைத் துன்ப முடிவாகவே வைத்துக் காப்பாற்றினார்கள்.

வழிபாட்டில் கதை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. சொரிமுத்து அய்யனார் கோயில் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் எல்லைக்குள் இருக்கிறது. சிங்கம்பட்டி ஜமீனின் பரம்பரை ஆதரவில் இருந்து வந்த கோயில் அது. ஆடி அமாவாசைக்கு வண்டி வண்டியாக ஜனம் வந்து ஆற்றோரத்தில் குடில் போட்டுத் தங்கும். அந்த நாளில் ஜமீன்தார் ராஜ உடையில் தர்பார் கொடுக்கும் வழக்கம், 2020இல் மறைந்த முருகதாஸ் தீர்த்தபதி காலம் வரை நீடித்தது. பட்டவராயன் சந்நிதியில் நேர்ந்துகொண்டவர்கள் செலுத்துவது தோல் செருப்பு. சந்நிதியில் அவற்றைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். பட்டவராயன் இரவில் அவற்றைப் போட்டுக்கொண்டு காட்டில் காவலுக்குச் சுற்றுகிறான், அதனால் செருப்புகள் தேய்ந்திருக்கும் என்பது நம்பிக்கை. கோயில் வாசலில் கழற்றி வைக்கப்படும் பொருள் இங்கே சாமிக்கே காணிக்கை. எல்லாச் சாதியாரும் அதைச் செலுத்துகிறார்கள் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், வாலப்பகடை விதித்த நிபந்தனையின் நிழல் எவ்வளவு தூரம் நீண்டிருக்கிறது என்பது விளங்கும்.

ஆனால் கதையைத் தெய்வமாக்கி ஏற்றுக்கொண்ட சமூகம் அதன் முள்ளை முறிக்கவும் முயன்றது. பொம்மக்காவும் திம்மக்காவும் பிறப்பால் அந்தணப் பெண்களே, குழந்தைகளாகக் காட்டில் விடப்பட்ட அவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தான் என்று சொல்லும் வடிவம் ஒன்று உண்டு. இந்த வடிவத்தில் முத்துப்பட்டன் தன் குலத்துப் பெண்களையே அறியாமல் மணந்தவனாகிறான். மீறல் என்று எதுவும் மிஞ்சுவதில்லை. இதைப் பிற்காலத்து இடைச்செருகல் என்று வானமாமலை கொண்டார். மேல்சாதியார் மனம் நோகாதபடி கதையைத் திருத்த வேண்டிய நெருக்கடி பாடியவர்களுக்கு இருந்தது என்பது அவர் விளக்கம். கதையின் உள்ளமைப்பும் அவர் பக்கமே சாட்சி சொல்கிறது. பெண்கள் அந்தணராயிருந்தால் வாலப்பகடையின் அச்சத்துக்குப் பொருளில்லை, நிபந்தனைக்குப் பொருளில்லை, அண்ணன்மாரின் கல்லறைக்கும் பொருளில்லை, கோயிலில் தொங்கும் செருப்புக்கும் பொருளில்லை.

இதே திருத்தம் வேறு கதைகளிலும் நடந்திருக்கிறது. மதுரை வீரன் அருந்ததியர் வீட்டில் வளர்ந்தாலும் காசி அரசன் மகன் என்று சொல்லும் வடிவமே பரவலானது. ஆரியமாலையைக் காதலித்துக் கழுவேறும் காத்தவராயனுக்கும் தெய்வப் பிறப்பு கற்பிக்கப்படுகிறது. மூன்று கதைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு துலங்குகிறது. மதுரை வீரனும் காத்தவராயனும் கீழே இருந்து மேலே காதலித்தவர்கள். அவர்களைக் கொன்றது அரசாணை. முத்துப்பட்டன் மேலே இருந்து கீழே வந்தவன். எனவே அரசு அவனைத் தண்டிக்கவில்லை, குடும்பம் மட்டுமே தண்டிக்க முயன்றது. முன்னவர் கதைகளில் நாயகனின் பிறப்பு உயர்த்தப்படுகிறது. இந்தக் கதையில் நாயகியரின் பிறப்பு உயர்த்தப்படுகிறது. எந்தப் பக்கமிருந்து மீறல் நடந்தாலும் திருத்தும் கை, தாழ்ந்தவராகச் சொல்லப்பட்டவரின் பிறப்பையே மாற்றியிருக்கிறது. சாதி கடந்த காதலுக்காகக் கொலை நடக்கும் சேதி இன்றும் இதே நெல்லை மாவட்டத்திலிருந்து வந்துகொண்டிருக்கும் நிலையில், எந்த வடிவம் பாடப்படுகிறது என்பது பாடவேறுபாட்டுச் சிக்கலோடு நின்றுவிடும் செய்தியல்ல. வானமாமலையின் பதிப்பு, பெண்களை வாலப்பகடையின் சொந்த மகள்களாகவே பாடும் வடிவத்தைக் கதையின் உண்மையான வடிவமாகக் கொண்டு அச்சில் நிறுத்தியிருக்கிறது.